பத்தாம் எண் கூண்டு

“முடியலையா, இல்ல மனசில்லையா?” மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவியிடம், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி நான் கேட்ட கேள்வி இது. அவள் “தெரியல மேடம்” என்றாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அவள் சொன்னது உண்மை என்று எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆனது. அப்புறம் மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் ஒவ்வொரு செமஸ்டரும் ரெக்கார்டு திருத்த உட்காரும்போது அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர். தினமும் பஸ்தான். அவளும் கடலூர்க்காரி, முதுநகர். காலையில் பல நாள் ஒரே பஸ்ஸில் வருவோம். முள்ளோடை தாண்டி கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று கூட்டம் ஏற ஏற, ஜூனியர் பெண்கள் அவளை நெருக்கிக்கொண்டு அன்றைக்கு லேபில் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே சொல்லித் தருவாள். ஒரு நாள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங்கை, அதாவது நுண்கோடுகள் போட்ட கண்ணாடித் தகட்டை, ஒளிக்குச் செங்குத்தாக நிறுத்துவது எப்படி என்று விளக்கிக்கொண்டு வந்தாள். நேர்க்கதிரிலிருந்து டெலஸ்கோப்பை 90 டிகிரி திருப்பிப் பூட்டிவிடு, கிரேட்டிங்கை மட்டும் சுற்று, எதிரொளித்த பிம்பம் குறுக்குக் கம்பியில் வந்து உட்காரும், இப்போது கிரேட்டிங் 45-இல் நிற்கிறது, மேடையை இன்னும் ஒரு 45 சுற்றினால் நேராகிவிடும். “ஏன்க்கா 45?” என்று ஒருத்தி கேட்டதும், உள்ளங்கையைக் கண்ணாடி மாதிரி சாய்த்துப் பிடித்து, இன்னொரு கையின் விரலை ஒளியாக்கிக் காட்டினாள். பதினாறு வருடமாக இதை நடத்துகிறேன். இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

அதே பெண்ணின் ரெக்கார்டு நோட்டில் பன்னிரண்டு பரிசோதனைகளுக்கு நான்குதான் இருந்தது. அப்சர்வேஷன் நோட்டில் பன்னிரண்டும் இருந்தன. அளவீடு சுத்தம், கணக்கு சரி, ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. அதைப் பார்த்து ரெக்கார்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி. வலது பக்கம் எய்ம், அப்பரேட்டஸ், ஃபார்முலா, புரொசீஜர். இடது பக்கம் பென்சிலில் படமும் அட்டவணையும். லேபில் காலம் தள்ளிய எல்லோருக்கும் தெரியும், மூளைக்கு வேலையே இல்லாத வேலை அது. கஷ்டமானதைச் செய்கிறவள் சுலபமானதைச் செய்யவில்லை என்றால் அக்கறை இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன். தேர்வுக் கட்டணத்தை இரண்டு முறையும் அபராதத்தோடு கட்டியவள். செமினாருக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்து பிரமாதமாகப் பேசியவள். ஆசிரியர் அறையில் அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘பொறுப்பில்லாத பொண்ணு’.

என் அப்பா தபால் அலுவலகத்தில் இருந்தார். அன்றைய தபாலை அன்றைக்கே பிரித்து அனுப்பியாக வேண்டும். வீட்டிலும் அதே கணக்குதான். நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. அப்படி வளர்ந்ததாலோ, உடம்பு வாகோ, எனக்கு ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதும் கை அதில் போவதும் ஒன்றாகவே நடந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஒருவர் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்க முடியும் என்பது நாற்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது.

மழை பிடித்த சாயங்காலம்

அக்டோபர் கடைசி. மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. மரப்பாலம் பக்கம் தண்ணீர் நிற்கிறது, பஸ் நகரவில்லை என்றார்கள். லேபில் நானும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனும்தான். எனக்குத் திருத்த வேண்டிய இன்டர்னல் பேப்பர் கட்டு இருந்தது. அவள் வாசலில் வந்து நின்று, “மழை விடற வரைக்கும் இங்க இருக்கட்டுமா மேடம்?” என்றாள். “இரும்மா. சும்மா இருக்கிற நேரத்துல அந்த ரெக்கார்டை எடு” என்றேன். சொன்ன விதத்தில் குத்தல் இருந்தது.

எதிர் மேசையில் உட்கார்ந்தாள். மணி 4:10. இரண்டு நோட்டையும் எடுத்து வைத்தாள். பக்கத்தைத் திறந்து தேதி போட்டாள். பேனாவை மூடினாள். பென்சில் முனையைப் பார்த்தாள், ஷார்ப்னர் தேடினாள், சீவினாள், சீவலைத் தாளில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்து, எழுதாத பக்கங்கள் எத்தனை என்று எண்ணினாள். ஃபோன் பைக்குள்ளேயே இருந்தது. ஒரு தடவைகூட எடுக்கவில்லை, அதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பேனாவைத் திறந்தாள். முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் திருத்துவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. தூக்க முடியாத பாரத்தைத் தூக்கப் பார்க்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். சோம்பேறித்தனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சௌகரியம் இருக்கும், சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இந்த முகத்தில் சௌகரியம் என்பதே இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. குனிந்து பேப்பர் திருத்தத் தொடங்கினேன். ஜன்னலில் மழைச் சத்தம், தாளில் என் சிவப்புப் பேனாவின் சத்தம். 4:31-க்கு அவள் ‘எய்ம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேனா நிற்கவில்லை. ஏழு மணிக்குள் மூன்று பரிசோதனைகளை, படம், அட்டவணை உட்பட, எழுதி முடித்துவிட்டாள்.

“இதையே வீட்ல உட்கார்ந்து எழுதியிருக்கலாமேம்மா?”

“நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தீங்க மேடம்.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“சொல்லல. உட்கார்ந்திருந்தீங்க.”

பஸ் கிடைக்க எட்டரை ஆனது. தவளக்குப்பம் தாண்டியதும் பக்கத்து இருக்கை காலியாக, வந்து உட்கார்ந்தாள். இருட்டும் மழையும்தான் அவளைப் பேச வைத்தன என்று நினைக்கிறேன். “எங்க ஊர் துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க இல்ல மேடம், புயலுக்கு? ஒண்ணு, மூணுன்னு ஏத்தும்போதே எனக்குத் தெரியும். கண்ணு முன்னாடி தெரியும். இது வருது, இதுக்கு இப்பவே எழுதணும்னு மனசு அடிச்சுக்கும். ஆனா கை நகரணும்னா பத்தாம் நம்பர் ஏத்தணும் மேடம்.”

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. பத்து என்றால் பேரபாயம், இதோ கரையேறப் போகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையில் ஏறிய காலையை இங்கே யாரும் மறக்கவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு அசைன்மென்டுக்கும், ஒவ்வொரு படிவத்துக்கும் உள்ளுக்குள் ஒரு தானே புயலைக் கிளப்பித்தான் இந்தப் பெண் கையை அசைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. எட்டு பரிசோதனைகளை அவள் எழுதாமல் போட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். எழுத முடிந்த நான்கை என்ன விலை கொடுத்து எழுதினாள் என்று யோசித்ததே இல்லை.

அம்மா காய் அரிந்த இடம்

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, என்ற சொல்லை அவள் ஒரு வருடத்துக்கு முன்பே படித்திருக்கிறாள். சொன்னால் சாக்கு என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அது ஓடியாடித் திரியும் சிறு பையன்களின் விஷயம் என்ற எண்ணம்தான். நான் மட்டும் அல்ல, மருத்துவமே ரொம்ப காலம் அப்படித்தான் பார்த்தது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் விவரித்ததும் அடங்காத குழந்தைகளைத்தான். ஓடாமல், சத்தம் போடாமல், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கவனம் மட்டும் நழுவிப்போகும் வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்?

புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். முதல் நாளே பெயர் சூட்டி அனுப்பவில்லை. தைராய்டு, ரத்தசோகை பார்க்கச் சொன்னார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தார். இவை ஒவ்வொன்றும் இதே மாதிரி வேஷம் போடக்கூடியவை. அப்புறம் பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார், அம்மாவையும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறைப்படி, அறிகுறிகளில் பலவும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இருபது வயதில் புதிதாக முளைத்ததென்றால் அது வேறு ஏதோ.

அந்த அம்மா பிறகு ஒரு நாள் கல்லூரிக்கு வந்து என்னிடம் பேசினார். “ஸ்கூல் முடியற வரைக்கும் எந்தக் குறையும் இல்ல மேடம். நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் படிப்பெல்லாம் தெரியாது. அவ எழுதுவா, நான் காய் அரிவேன். கீரை ஆய்வேன். துணி மடிப்பேன். அவ எழுதி முடிக்கற வரைக்கும் எனக்கு ஏதாவது வேலை இருந்துகிட்டே இருக்கும். காலேஜ் போனதும், பெரிய பொண்ணாயிட்டா, இனிமே பக்கத்துல உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். “நான் எழுந்து போனதாலயா மேடம்?”

இல்லை என்றேன். அது அவர் தப்பில்லை. ஆனால் அவர் தெரியாமலேயே சரியான இடத்தில் விரலை வைத்திருந்தார். எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்களே, மூளையின் நிர்வாக வேலை, அதில் மூன்று அடிப்படைகளை உளவியலாளர்கள் சொல்கிறார்கள்: வந்த உந்துதலை அடக்கி வைப்பது, செய்ய வேண்டியதை மனதில் ஏந்திக்கொண்டிருப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. இவற்றின் மேல்தான் திட்டமிடுவது, தொடங்குவது, நேரத்தைக் கணக்கிடுவது எல்லாம் நிற்கின்றன. இந்த வேலையைப் பார்க்கும் முன்மூளைப் பகுதி எல்லோருக்குமே இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் பல வருடங்களாகச் சொல்லிவருவது இது: ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்யும் இடத்தில்தான் உடைகிறது. ஆகவே உதவியும் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் நான் கொடுத்த அறிவுரை, புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எந்த விதத்திலும் போய்ச் சேராது. அம்மா அரிந்த காய் போய்ச் சேர்ந்தது.

பள்ளியில் இந்த நிர்வாகத்தை நாம்தான் செய்கிறோம். அம்மா எழுப்புகிறார், பள்ளி மணி அடிக்கிறது, டியூஷனில் வாரத் தேர்வு, டைரியில் கையெழுத்து. பிளஸ் டூ முடிந்த மறு ஜூலையில் இவ்வளவையும் ஒரே நாளில் உருவிவிடுகிறோம். எங்கள் கல்லூரித் தேர்வுப் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு வேலை என்று நினைத்திருந்தேன். அவளோடு உட்கார்ந்து ஒரு நாள் எழுதிப் பார்த்தோம். வாட்ஸ்அப் குழுவில் வந்த சுற்றறிக்கையை மற்ற முந்நூறு செய்திகளுக்கு நடுவில் கண்டுபிடிப்பது, பாடக் குறியீடுகளைத் தேடி எழுதுவது, ஃபோட்டோ எடுப்பது, பிரிண்ட் போடுவது, அப்பாவிடம் பணம் கேட்பது, பணம் கட்டி ரசீது வாங்குவது, துறைத்தலைவர் அறையில் இருக்கும் நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்குவது, அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் கொடுப்பது. எட்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தொடக்கம். ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்த விரற்கடை இடைவெளி. அபராதம் கட்டியவளைப் பொறுப்பில்லாதவள் என்றோமே, எட்டில் ஆறு படியை ஒவ்வொரு முறையும் அவள் ஏறியிருக்கிறாள்.

மருந்து கொடுத்தார்கள். மெத்தில்ஃபெனிடேட். 1944-இலிருந்து இருக்கும் பழைய மருந்துதான். ஆனால் கட்டுப்பாடு அதிகம், கடையில் சீட்டின் ஒரு நகலை வைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு வாரம் பசியே எடுக்கவில்லை என்று அந்த அம்மா தவித்துப்போனார். அளவைக் குறைத்து, சாப்பிடும் நேரத்தை மாற்றி, ஒருவழியாகச் சரிப்பட்டது. எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டேன். “பஸ் ஸ்டாண்டுக்கு நடுவுல உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருக்கும் மேடம் எப்பவும். இப்ப பஸ்ஸெல்லாம் கிளம்பிப் போயிட்ட மாதிரி இருக்கு. ஆனா நோட்டை நான்தான் திறக்கணும்.” நோட்டைத் திறக்க இன்னமும் ஆள் வேண்டியிருந்தது. அம்மா மறுபடி பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்.

யார் கூடவே உட்கார்ந்திருப்பார்கள்?

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது இரண்டு எதிர்ப்பு வந்தது. முதலாவது, எல்லோருக்கும்தான் இப்படி இருக்கிறது, ரீல்ஸ் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு நோய் சொல்கிறார்கள் என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. தள்ளிப்போடுகிற எல்லோருக்கும் ஏடிஎச்டி இல்லை. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால்தான் ஃபோனில் வரும் பத்துக் கேள்விப் பரீட்சையை நம்பாமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்கிறேன். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆனால் அறுபது பேர் வகுப்பில் ஒன்றிரண்டு பேர் என்று வைத்துப் பாருங்கள், அதில் ஒருவராவது உங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஎச்டிக்கு என்று தனி இடம் இல்லை. எனவே இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தானாகக் கிடைத்துவிடாது. சட்டம் வரும் வரை அவர்களுக்கு வாய்ப்பது எதிரில் நிற்கும் ஆசிரியரின் மனம்தான். அந்த மனம் எப்படி இருந்தது என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது எதிர்ப்பு என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. “நாளைக்கு வேலைக்குப் போனா பக்கத்துல யாரும்மா உட்காருவாங்க?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அக்கறையோடு கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தபோது, படகு நிழலில் ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு ஊசி. பேச்சுகூட அதிகம் இல்லை. தனியாக உட்கார்ந்து வலை தைக்கிற ஒருவரை நான் அங்கே பார்த்ததே இல்லை. உலகத்தில் பெரும்பாலான வேலை அப்படித்தான் நடக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக, யாரும் பார்க்காமல், மாதக்கணக்கில் தானே தன்னை ஓட்டிக்கொண்டு முடிக்க வேண்டிய வேலையைக் கல்லூரிதான் இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறது. அவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் ஒரு அரியரோடு படிப்பை முடித்து, அடுத்த செமஸ்டரில் அதையும் எழுதித் தேறிவிட்டாள். இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். நன்றாகப் போகிற வாரங்களும் உண்டு, மொத்தமாகக் கவிழ்ந்துவிடுகிற வாரங்களும் உண்டு. சில ராத்திரிகளில் வீடியோ காலில் கூப்பிடுவாள். பேச மாட்டாள். ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுதுவாள். இந்தப் பக்கம் நான் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன்.

போன வருடத்திலிருந்து செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வகுப்பு முடிந்த பிறகு லேபைத் திறந்து வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எந்தப் பாடம் வேண்டுமானாலும் எழுதலாம், யாரையும் எதுவும் கேட்பதில்லை. போன வியாழக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் கிளம்பிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் ஸ்கேலை எடுத்து அட்டவணைக்கு முதல் கோடு போட்டிருந்தான். லேப் அண்ணன் வந்து ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

“பூட்டலாமா மேடம்?”

“இந்தத் தம்பி இப்பதான் ஆரம்பிச்சிருக்கான் அண்ணா.”

அவர் திரும்பிப் பையனைப் பார்த்தார். அவன் தலைக்கு மேலே இருந்த ஃபேனை மட்டும் மறுபடி போட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்தப் போனார்.